மகளை வெளிநாட்டில் படிக்க வைப்பதால் உண்மையில் கிடைக்கும் நன்மை என்ன?

களுவாஞ்சிகுடித் தந்தை கேட்கிறார்:

என் மூத்த மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அவளுடைய தோழிகள் இருவர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதால், தானும் அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். நம்முடைய வழக்கப்படி அவளுக்கென்று கட்டி வைத்திருக்கும் வீட்டையும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள இரண்டு ஏக்கர் வயலையும் ஈடு வைத்தால் முதலாண்டுச் செலவைச் சமாளிக்கலாம். முகவர்களிடம் கேட்டால் 'நல்ல எதிர்காலம்' என்ற ஒரே பதில்தான் வருகிறது. அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்: இங்கே கிடைக்காத எது உங்களுக்கு அங்கே கிடைத்தது? அது வீட்டை ஈடு வைக்கும் அளவுக்குப் பெறுமதியானதா?

ஜெர்மனியில் முதுமாணி படித்தவர்:

வணக்கம் ஐயா. உங்கள் மகள் தெரிவாகியுள்ள அதே பீடத்தில் இளமாணி முடித்து, பிறகு ஜெர்மனியில் மண்ணியல் படித்தவன் நான்.

முதல் மாதக் களப்பயிற்சியில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரில் தெரிந்த மண்படைகளை ஒவ்வொன்றாக விவரிக்கச் சொன்னார்கள். பேராசிரியர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பற்களுக்கிடையில் வைத்து, நறநறக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்களையும் அவ்வாறே செய்யச் சொன்னார். நான் மனப்பாடமாக வைத்திருந்த வரைவிலக்கணத்தை ஒப்புவித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல், குழிக்குள் என்ன கண்டாய் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த எனக்கு, அவருடைய கட்டுரையிலேயே குறை காணச் சொன்ன நாளில் பேச்சே வரவில்லை. அந்தப் பழக்கம் வர ஓராண்டு பிடித்தது. நான் பெற்றவற்றில் பெரியது அதுதான்.

என்னுடன் ஆய்வுகூடத்தில் இருந்தவர் எத்தியோப்பியாவின் அவாஷ் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அங்கே நீர்ப்பாசன நிலங்களில் உப்பேறுவதை அவர் விவரித்தபோது, நமது வாவிக்கரை வயல்களில் உவர்நீர் ஏறிப் பயிர் கருகுவது நினைவுக்கு வந்தது. ஊரில் இருந்தபோது நான் ஒருநாளும் அதை ஆராய வேண்டிய விடயமாக எண்ணியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் இட வேண்டிய பணம் 2024 செப்டெம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அது கட்டணமல்ல, மாதம் 992 யூரோவாக மாணவரின் செலவுக்கே திரும்பி வரும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணன், நான் இந்திய அரசின் புலமைப்பரிசிலில் அங்கே இளமாணி படித்தேன். வாப்பா கூட வராமல் எந்தக் கந்தோருக்கும் போயறியாத நான், போய்ச் சேர்ந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தனியாக வரிசையில் நின்று, குறைந்த ஆவணத்தைத் தேடிக் கொடுத்து, பதிவை முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிய மாலையை மறக்க மாட்டேன். பெண் பிள்ளைக்கு அந்தத் துணிவு எவ்வளவு பெரிய சொத்து என்பதை நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் என் சாச்சியின் மகன் ஒரு முகவரை நம்பி, பெயரளவுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, மூன்று ஆண்டும் பணமும் இழந்து திரும்பினான். அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாகவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

விரிவுரையாளர் ஒருவர்:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆயினும் வீட்டை ஈடு வைப்பதை ஏற்க மாட்டேன். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதே இருந்த விவசாய பீடத்தில், கற்கைக் கட்டணமின்றிப் படிக்கும் இடம் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை முடித்துவிட்டுப் போனால் ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவற்றுக்கு அவள் விண்ணப்பிக்கலாம். மண்ணியல் படித்த தம்பி சொன்ன நன்மை, சொந்தமாக ஒரு கேள்வியைக் கொண்டு போகிறவருக்கே முழுமையாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம். வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று முகவர் சொன்னால் நம்பாதீர்கள். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பாடம் நடக்கும் காலத்தில் மாணவர்கள் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். அந்த வருமானம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவுமே தவிர, கட்டணத்தைச் சுமக்காது.

களுவாஞ்சிகுடித் தந்தையின் கணக்கிலிருந்து:

நான் மகள் எழுதுகிறேன். அப்பா எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். வந்தாறுமூலையில் பதிவு செய்யப் போகிறேன். மண்ணியல் படித்த அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வயலில் வாவிப் பக்கமுள்ள வரவையில் (வயல் துண்டில்) சிறுபோகத்தில் மட்டும் கதிர் பதராகிவிடுகிறது, பெரும்போகத்தில் அப்படியில்லை. அது உப்பினாலா என்று நானே சோதித்துப் பார்க்க, எந்த ஆழத்திலிருந்து மண் எடுக்க வேண்டும்?