கிப்பு முடிச்சுல கணக்கு மட்டும்தானா, மனசுல இருக்கறதையும் முடிஞ்சு வெச்சாங்களா?

நூல்கண்டு:
வணக்கம் மக்களே. நான் மேக்ரமே, அதாவது கயித்துல முடிச்சு போட்டுப் பண்ற கைவேலை, போடுவேன், தோரணம், பூந்தொட்டிக்கு உறி அந்த மாதிரி. அம்மா தவறினதுக்கு அப்புறம் டைரின்னு உக்காந்தா ஒரு வரி எழுத வரமாட்டேங்குது, ஆனா கையில கயிறு இருந்தா யோசனை தானா ஓடுது, அதனால இப்போ ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நடந்ததை நெனச்சு முடிச்சு போட்டு வெக்கிறேன். பெருவுல இன்கா மக்கள் கிப்புன்னு முடிச்சுக் கயித்தை வெச்சே பெரிய ராஜ்ஜியத்தை நடத்துனாங்கன்னு படிச்சேன், ஆனா எங்க பாத்தாலும் வரிக் கணக்கு, ஆள் கணக்குன்னுதான் இருக்கு. யாராவது தன் சொந்த வாழ்க்கையை அதுல முடிஞ்சு வெச்சிருக்காங்களா? எண் எப்படிப் போடுறாங்கன்னும் சொன்னா உதவியா இருக்கும்.

மலைக்காத்து:
எண் சுலபம்தான் சகோதரி. படுக்கையா ஒரு தடிச்ச தாய்க்கயிறு, அதுல இருந்து வரிசையா தொங்குற நூலுங்க. ஒவ்வொரு நூல்லயும் மேல நூறு, நடுவுல பத்து, அடியில ஒண்ணு. 243 போடணும்னா மேல ரெண்டு சாதா முடிச்சு, கொஞ்சம் எடம் விட்டு நாலு சாதா முடிச்சு, அடியில ஒரே ஒரு நீள முடிச்சு, அதுக்குள்ள நூலை மூணு சுத்து சுத்தியிருப்பாங்க. கடைசி எண் ஒண்ணுன்னா நீள முடிச்சு போட முடியாது, ஒரு சுத்து சுத்துனா அது சாதா முடிச்சாவே ஆயிடும், அதனால அங்க எட்டு வடிவ முடிச்சு. பூஜ்யத்துக்கு முடிச்சே கிடையாது, எடத்தைக் காலியா விட்டுருவாங்க. நியூயார்க் மியூசியத்துல இருந்த கிப்புகளைப் பாத்து லெலண்ட் லாக் 1912ல இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். ஆனா இந்தக் கணக்குல அடங்காத கிப்புகளும் நிறைய இருக்கு, அதுங்கள்ல என்ன இருக்குன்னுதான் இன்னும் மண்டையை உடைச்சுக்கறாங்க.

பழஞ்சுவடி:
உங்க முதல் கேள்விக்கு நேரடியா ஒரு சாட்சி இருக்கு. ஹோசே தெ அகோஸ்தான்னு ஸ்பெயின்ல இருந்து பெருவுக்குப் போன சேசு சபைப் பாதிரியார் 1590ல வந்த தன் புத்தகத்துல எழுதியிருக்கார், ஒரு பழங்குடிப் பொம்பள கை நிறைய நூலோட பாவசங்கீர்த்தனம் பண்ண, அதாவது பாதிரியார்கிட்ட தன் பாவத்தையெல்லாம் சொல்லி மன்னிப்பு கேக்க, வந்தாங்களாம், தன் வாழ்நாள் முழுக்கப் பண்ணதை அதுல முடிஞ்சு கொண்டு வந்து, நாம காகிதத்துல எழுதி வெச்சுப் படிக்கிற மாதிரி அதைப் பாத்துச் சொன்னாங்களாம். நடுவுல சில சின்ன நூல் மட்டும் வேற மாதிரி இருக்கேன்னு இவர் கேட்டதுக்கு, அந்தப் பாவம் எந்தச் சூழ்நிலையில நடந்துச்சுங்கறதுக்கு அதுன்னு சொல்லியிருக்காங்க. என்ன பண்ணேன்ங்கறது ஒரு நூல், எந்த நெலமையில பண்ணேன்ங்கறது தனி நூல்! எனக்கு கிப்பு பத்தித் தெரிஞ்சதுலயே இதுதான் ரொம்பப் பெருசு, தன்னைத்தானே விசாரிக்கறதுக்கு அந்தம்மா கையில ஒரு முழு வடிவம் இருந்திருக்கு. இத்தனைக்கும் 1583ல லிமாவுல கூடுன திருச்சபை மாநாடு பழைய சடங்கு சம்பந்தமான கிப்புகளை அழிக்கச் சொன்னது, பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் முடிஞ்சு எடுத்துட்டு வாங்கன்னு பாதிரியாருங்களே சொல்லிட்டிருந்தாங்க.

ஊசிமுனை:
நான் நெசவு பாக்குறவ, அதனால நூல் பத்தி மட்டும் சொல்றேன். லிமாவுக்கு மேல மலையில சான் ஹுவான் தெ கொயாத்தான்னு ஒரு ஊர், அங்க ஊர்க்காரங்க மரப்பெட்டியில காலங்காலமா காபந்து பண்ணி வெச்சிருந்த ரெண்டு கிப்புவை சபைன் ஹைலேண்ட்ங்கற ஆய்வாளர் பாத்து 2017ல எழுதினாங்க. அது போர்க் காலத்துல தலைவருங்க அனுப்புன கடுதாசின்னு ஊர்ல சொல்றாங்க. 14 நிறம், விக்குன்யா, அல்பாக்கா, லாமா, மான் உட்பட ஆறு மிருகத்தோட முடி, எல்லாம் சேந்து 95 தினுசு நூல், அதுல முடிச்சை விட நூலோட வகைக்குத்தான் அர்த்தம் அதிகம் போல. கையுறை இல்லாம தொட்டுப் பாத்தாதான் எது எந்த மிருகம்னு தெரியும்னு அந்த ஊர்க்காரரே சொல்லியிருக்கார். அதனால கலர் மட்டும் மாத்தாம நூலையும் மாத்துங்க, அம்மா ஞாபகம் வர்ற நாளுக்கு அவங்க பழைய சேலையில இருந்து ஒரு இழை உருவிப் போடலாம்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், பழஞ்சுவடி சார் சொன்ன அந்தம்மாவை நெனச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு சந்தேகம், எந்த முடிச்சுக்கு என்ன அர்த்தம்னு தனியா நோட்டுல எழுதி வெச்சுக்கணுமா?

மலைக்காத்து:
எழுதி வெச்சிருங்க சகோதரி. கிப்பு படிக்கறதுக்குன்னே கிப்புகமாயுக்னு பயிற்சி எடுத்த ஆளுங்க இருந்தாங்க, அவங்க போனதும் படிக்கத் தெரிஞ்சவங்களும் போயிட்டாங்க, கயிறு மட்டும் மியூசியத்துல கெடக்கு.

ஊசிமுனை:
எனக்கு அது அவசியம்னு படல. சிலியைச் சேந்த செசிலியா விகூன்யா பல வருஷமா கிப்பு வடிவத்துலயே கலை பண்றாங்க, 2022ல லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்துல 27 மீட்டர் உயரத்துக்கு ரெண்டு பிரம்மாண்டமான கிப்பு தொங்கவிட்டாங்க, நூக்காத கம்பளி, நார், தேம்ஸ் ஆத்தங்கரையில பொறுக்குன சாமான்னு எல்லாம் சேத்து, அழியிற காடுகளுக்காக. பெரு நாட்டுக் கவிஞர் ஹோர்ஹே எயில்சனும் 1963ல இருந்து துணியை முறுக்கி முடிச்சு போட்டு கேன்வாஸ்ல இழுத்துக் கட்டினார். அதுக்கெல்லாம் யாரும் அகராதி கேக்கல. மத்தவங்க படிக்கணும்னா எழுதுங்க, உங்களுக்கு மட்டும்னா கை தடவிப் பாத்தாலே தெரியும். எப்படியும் நைலான் கயிறு வேண்டாங்க, வழுக்கி அவுந்துரும், நல்லா முறுக்கேறுன பருத்தி நூலா வாங்குங்க.