எல்லாமே ‘கட் பண்ணு’தானா? சிங்கப்பூரில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் கற்பித்த அனுபவங்கள்

தெம்பனிஸ் டீச்சர்:
நம் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல்லில் பஞ்சமே இல்லை. யானை, தக்காளி, வெங்காயம் எல்லாம் பாலர் பள்ளியிலேயே வந்துவிடுகின்றன. வினைச்சொல்லில்தான் சறுக்கல். கட் பண்ணாங்க, வாஷ் பண்ணாங்க, ஓப்பன் பண்ணாங்க என்று பண்ணித் தமிழிலேயே ஆண்டை ஓட்டிவிடுவார்கள்.

நான் கற்பிப்பது தொடக்கநிலை 3, அதாவது மூன்றாம் வகுப்பு. தாய்மொழிப் பாடவேளை மணி அடித்ததும் பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் ஒரே அறைக்கு வந்து சேர்வார்கள். பாட்டியோடு தமிழில் வம்பளக்கும் பிள்ளையும் உண்டு, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கும் பிள்ளையும் உண்டு, தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் உண்டு. எல்லாருக்கும் ஒரே சொற்பட்டியலைக் கொடுத்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் முழிப்பார்கள்.

அதனால் ஒருநாள் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, பூண்டு, புதினா வாங்கிப் போனேன். வகுப்பில் கத்தி கூடாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. உரி, உருவு, ஆய், கிள்ளு, நசுக்கு என்று கைவேலைச் சொற்களாகவே அமைந்தன. விதி ஒன்றுதான்: செய்துகொண்டே சொல்ல வேண்டும். பூண்டோடு மல்லுக்கட்டிய ஒரு பையன், “டீச்சர், உரிக்க வரல, கையில ஒட்டுது!” என்று கத்தினான். பக்கத்தில் இருந்த பெண், “முதல்ல நசுக்கு, அப்புறம் உரி” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. கரும்பலகையில் ‘உரிக்க வரவில்லை’ என்று மட்டும் எழுதிவைத்தேன்.

அடுத்த வகுப்புக்குக் கீரை கிடையாது. வேறு எதை உரிக்கலாம் என்று கேட்டேன். வாழைப்பழம், ரம்புத்தான் வந்தன. ஒருவன் டுரியான் என்றதும் சண்டையே மூண்டுவிட்டது. உரிக்க முடியாதாம், பிளக்க வேண்டுமாம். ‘பிள’ என் பட்டியலிலேயே இல்லாத சொல்!

ஈசூன் அம்மா:
என் மகள் சொல்வதெழுதுதலில் முழு மதிப்பெண் வாங்குவாள். அடுத்த வாரம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். இப்போது பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. பழைய சொல் இரண்டை லிஃப்டுக்கு நிற்கும்போது பேச்சோடு பேச்சாக நுழைத்துவிடுகிறேன். கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் நிற்கிறது.

உட்லண்ட்ஸ், பணி ஓய்வு:
எல்லாச் சொல்லையும் சந்தையில் வாங்கிவர முடியாதே! ‘தயங்கினான்’ என்பதை எந்தக் கடையில் தேடுவது? நான் ஒரு மாணவனை வெளியே அனுப்பி, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்கச் சொல்வேன். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை உயர்த்தினான், இறக்கினான், எட்டிப் பார்த்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து ‘தயங்கினான்’ என்பதைத் தொடுவார்கள்.

“வகுப்பில் ‘வரல’ என்று பேச விடலாமா?” என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு அமைத்த மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. பேச்சில் வரட்டும், எழுதும்போது எழுத்துத்தமிழாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுத வைக்காமல் விட்டுவிடாதீர்கள். ‘உறி’யா ‘உரி’யா என்பது காதுக்குத் தெரியாது.

தொடக்கநிலை 6 இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்துப் பேச வேண்டும். அதில் யாராவது ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பார்கள். வினைச்சொல் இல்லாத பிள்ளை, “ஒரு பையன், ஒரு பை, ஒரு தாத்தா” என்று சொல்லிவிட்டு நிற்கும். தெம்பனிஸ் டீச்சர், அந்தக் கீரைப் பாடத்தைத் தொடக்கநிலை 5 வரை நீட்டுங்கள்.