சாவேஜ் நேவி ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஆயுதங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், கனெக்டிகட்டில் உள்ள தம் வீட்டில், சாவேஜ் நேவி ரிவால்வர் ஒன்றை எனக்குக் காட்டினார். அதே மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் 1861 வாக்கில் உருவான வகை அது; .36 காலிபர் (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.36 அங்குலம்), குண்டும் வெடிமருந்தும் இடும் ஆறு அறைகள், எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒவ்வோர் அறையிலும் மெல்லிய மரக்குச்சியை விட்டு, உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்த பிறகே அவர் அதை என்னிடம் நீட்டினார். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும் என்பதால், இந்தப் பழக்கத்தை யாரும் கைவிடக் கூடாது.

இதய வடிவில் அகன்றிருக்கும் விசைக்காப்புக்குள் (விசையைச் சுற்றிய உலோக வளைவு) மேலே, இழுத்தால் சுடும் வழக்கமான விசையும் கீழே ஒரு வளையமும் இருக்கின்றன. நடுவிரலால் வளையத்தை இழுத்தபோது, அறைகளைக் கொண்ட சிலிண்டர் சற்றே பின்வாங்கித் திரும்பியது, சுத்தியலும் எழுந்து நின்றது. வளையத்தை விட்டதும் சிலிண்டர் முன்னே நகர்ந்து, அறையின் வாய் குழலின் பின்முனையைக் கவ்விக்கொண்டது. சுடும்போது சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி வழியாக வாயு கசியாமல் தடுப்பதே இதன் நோக்கம். கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தும் முனை சிதைந்துவிடும் என்பதால் சுத்தியலை வெறுமனே விழவிடாமல், கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கினேன்.

சுத்தியலை எழுப்பும் வேலையையும் சுடும் வேலையையும் தனித்தனி விரல்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் வில்லியம் ட்ரான்டர் 1853இலேயே செய்து காட்டியதுதான். அவருடைய இரட்டை விசை ரிவால்வரில், காப்புக்குக் கீழே நீளும் விசை சுத்தியலை எழுப்பும், உள்ளிருக்கும் விசை சுடும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே இழுக்கலாம். 1858ஆம் ஆண்டின் அமெரிக்க ஸ்டார் ரிவால்வரிலோ, விசைபோலத் தோன்றுவது உண்மையில் சுத்தியலை எழுப்பும் நெம்புகோல். அது பின்னால் போய் அங்கே ஒளிந்திருக்கும் சிறு விசையைத் தட்டுகிறது. அந்த அமைப்புக்குச் செலவு அதிகமானதால், 1863 மாடலில் அதைக் கைவிட்டு, கட்டைவிரலால் எழுப்பும் எளிய சுத்தியலுக்குத் திரும்பினார்கள்.

இவற்றுள் பொறியியல் துணிவு மிகுந்தது சாவேஜ்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குழலின் பக்கம் பாரம் சாய்கிறது. வளையத்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் குறி தாழ்கிறது. நேவி (கடற்படை) என்று பெயர் இருந்தாலும், அமெரிக்க அரசு வாங்கிய 11,000க்கும் மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை தரைப்படைக்கே போயின. குதிரைமேல் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடி இதை இயக்கிய வீரனின் நடுவிரல் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, நாலைந்து முறை இழுத்துப் பார்த்தாலே உணரலாம்.