அம்மாவுக்கு மைட்ரல் வால்வில் கசிவு. எக்கோ எடுத்தாகிவிட்டது, இப்போது எம்ஆர்ஐ எதற்கு?

ஈசூன் பையன்:

அம்மாவுக்கு 67 வயது. கொஞ்ச நாளாக மேம்பாலப் படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். கேட்டால் "வெயில்டா" என்பார். இங்கே சிங்கப்பூரில் பாலிகிளினிக்கில் (அரசு மருத்துவ நிலையம்) ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினார். முதல் எக்கோவில் (ஒலியலை வைத்து இதயத்தைப் படம் பிடிப்பது) மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு) கசிவு "கடுமை" என்று எழுதியிருந்தது. ஆபரேஷன் என்று நினைத்து வீடே கலங்கிப் போனது. சில மாதம் கழித்து எடுத்த எக்கோவில் "மிதம்"! மருந்து என்று பார்த்தால் பிரஷர் மாத்திரை மட்டும்தான் கூட்டினார்கள்.

இப்போது இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள், அதன் பிறகு தேவைப்பட்டால் தொண்டை வழியாக ஒரு எக்கோவாம். முதலில் எடுத்தது தப்பா, இரண்டாவது தப்பா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றதும், "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது தாலியைக் கழற்றச் சொல்றாங்களா" என்று அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார்.

எக்கோ அக்கா:

தம்பி, இங்கே எக்கோ எடுக்கிற வேலைதான் எனக்கு. டாக்டர் இல்லை, அம்மாவின் படத்தையும் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து, மேலே உயரம், எடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் எண்ணைப் பாருங்கள். முதல் தடவை 170-க்குப் பக்கத்திலும் இரண்டாம் தடவை 130-க்குப் பக்கத்திலும் இருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். பிரஷர் கூடினால் மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) பக்கம் எதிர்ப்பு கூடும். இரத்தம் சுலபமான வழியில், அதாவது ஓட்டை வால்வு வழியே, பின்னால் போகும். அன்றைக்கு அது உண்மையாகவே அதிகமாகக் கசிந்திருக்கும்.

மீதிப் பதில் அளக்கும் விதத்தில் இருக்கிறது. எக்கோவில் கசிவு வண்ணத்தில் தெரியும். அந்த வண்ணத்தின் பரப்பைப் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் காண்பது வேகத்தை, கொள்ளளவை அல்ல. வால்வு இதழ் ஒன்று பின்னால் மடங்கிப் போனவர்களுக்குக் கசிவு நேராக வராது. சாய்ந்து வந்து மேலறைச் சுவரை ஒட்டிக்கொண்டே ஓடும், படத்தில் சின்னதாகத் தெரியும். அதனால் ஓட்டைக்கு முன்னால் இரத்தம் குவியும் இடத்தை அரைக்கோளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். நிஜ ஓட்டை பல நேரம் நீள்வட்டம். ஆரத்தை வர்க்கம் ஆக்குவதால் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே விடை எங்கேயோ போய்விடும். இன்னொன்று, இதழ் மடங்குகிறவர்களில் சிலருக்கு இதயம் சுருங்கும் நேரத்தின் பின்பாதியில் மட்டும்தான் கசியும். ஒரே ஒரு ஃபிரேமை நிறுத்தி அளந்தால் முழு நேரமும் கசிந்ததாகக் கணக்கு ஏறிவிடும். ஆளை மாற்றி அளந்தால் எண் மாறுவதை நான் தினமும் பார்க்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எம்ஆர்ஐ இந்த ஓட்டைப் பக்கமே போகாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். இடது கீழறையை மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாகப் படம் எடுத்து, ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியே தள்ளுகிறது என்று கூட்டும். அப்புறம் மகாதமனியில் எவ்வளவு போகிறது என்று தனியாக அளக்கும். 110 மில்லி தள்ளி, மகாதமனிக்கு 62 வந்து சேர்ந்தால் மீதி 48 மில்லி பின்னால் போயிருக்கிறது (மற்ற வால்வுகள் சரியாக இருக்கும் பட்சத்தில்). அதாவது சுமார் 44 சதவீதம். 60 மில்லி அல்லது 50 சதவீதம் தாண்டினால் கடுமை என்பது வழக்கமான வரம்பு. 2015-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் 103 நோயாளிகளுக்கு எக்கோவும் எம்ஆர்ஐயும் எடுத்து ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு பெரிதாகிப் போயிருந்த இதயம் எவ்வளவு சிறிதாகித் தேறியது என்பதோடு எம்ஆர்ஐ எண்தான் நன்றாக ஒத்துப்போனது. சோறு போடுவது எக்கோ என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஈஎஃப் என்ற எண்ணையும் பாருங்கள், கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பது அது. மற்றவர்களுக்கு 60 என்றால் நிம்மதி. மைட்ரல் கசிவில் 60-க்கு வந்தாலே டாக்டர்கள் ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். பின்னால் கசிவதும் அந்த எண்ணில் சேர்வதால் தளர்ந்த இதயம்கூட நன்றாக இருப்பதுபோல் தெரியும். சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும் ஆபரேஷன் பேச்சு வரும்.

தொண்டை வழி எக்கோவின் வேலை வேறு. உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால் இருப்பதால் வால்வு பளிச்சென்று தெரியும். எந்த இதழ், எந்தப் பகுதி, தைத்துச் சரிசெய்ய முடியுமா, கிளிப் போட முடியுமா என்று பார்ப்பதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் மயக்க மருந்தில் பிரஷர் இறங்கும், கசிவும் குறைந்ததுபோல் காட்டும். "தொண்டையில் பார்த்தபோது கம்மியாகத்தானே இருந்தது" என்று யாராவது சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

தெம்பனிஸ் ராஜூ:

அக்கா கணக்கைச் சொல்லிவிட்டார், நான் உள்ளே படுத்தவன். சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் தருவார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கஷ்டம் என்னவென்றால் மூச்சு. "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று பத்துப் பதினைந்து விநாடி, திரும்பத் திரும்ப. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்து, வீட்டிலேயே படுக்கவைத்துப் பழக்குங்கள். நிறைய பேர் மூச்சை இழுத்து நிறுத்துவார்கள். விட்ட பிறகு நிறுத்துவதுதான் பழகவேண்டியது.

தாலி விஷயத்துக்கு என் மனைவி சொன்ன வழி: முதல் நாளே தேக்காவில் (லிட்டில் இந்தியா) மஞ்சள் கயிறு வாங்கி, ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டி அப்பா கையாலேயே போடச் சொல்லுங்கள். ஸ்கேன் அறையில் நூலுக்குத் தடை இல்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூக்குத்தியை மறக்காதீர்கள், வருஷக்கணக்கில் கழற்றாத திருகு அங்கே போய் வராது.

செலவுக்கு, பாலிகிளினிக் வழியாகப் போனதால் மானியம் இருக்கும். மெடிசேவிலிருந்தும் (மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கு) ஸ்கேனுக்கு எடுக்கலாம், வருஷ வரம்பு உண்டு. தேதி போடும்போதே பில் கவுண்டரில் கேளுங்கள்.

ஈசூன் பையன்:

அக்கா, பார்த்துவிட்டேன். முதல் ரிப்போர்ட்டில் 168/90, இரண்டாவதில் 132/78! ஈஎஃப் 64. ராஜூ அண்ணே, மஞ்சள் கயிறு என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார், இப்போது மூக்குத்தியோடு மல்லுக்கட்டு நடக்கிறது. ஒரு கேள்வி: அம்மாவுக்கு முட்டியில் மாற்று மூட்டு வைத்திருக்கிறது, பரவாயில்லையா? சில நேரம் படபடப்பும் வருகிறது என்கிறார்.

எக்கோ அக்கா:

மூட்டு பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனால் ஆபரேஷன் செய்த வருடமும் விவர அட்டையும் கேட்பார்கள், தேடி எடுத்து வையுங்கள். படபடப்பை இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் எம்ஆர்ஐ படம் கலங்கும், முறையை மாற்றி எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இந்த நோயில் புதிதாக அப்படி ஆரம்பித்தால் சிகிச்சை முடிவே மாறலாம். அதை ஸ்கேன் தேதி வரை தள்ளிப்போடாதீர்கள்.