பைக்குத் தனிக் காசு: குப்பை குறையுமா, கல்லா நிறையுமா?

எதிர்க்காற்று:
நேத்து ஏழெட்டு சாமான் எடுத்துக்கிட்டு பில் போடற இடத்துல நிக்கிறேன். எல்லாத்தையும் தட்டி முடிச்சுட்டு அந்தப் பொண்ணு கேக்குது, "பை வேணுமா சார்? அதுக்குத் தனியா காசு." ரெண்டு கை தானே இருக்கு, வேணும்னேன். வெளியே வந்து பார்த்தா பையோட ரெண்டு பக்கமும் கடை பேரு, கொட்டை எழுத்துல. அவங்க விளம்பரப் பலகையை நான் காசு குடுத்து வாங்கி நானே தூக்கிட்டு நடக்கிறேன். நியாயப்படி அவங்க எனக்குக் கூலி தரணும்.

இதுக்கு வெச்சிருக்கிற பேரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு. உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானும் ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக்ல சுத்தி வந்திருக்கு, அதைப் பத்தி யாரும் மூச்சு விடல. என் கையில தொங்குற பையாலதான் பூமி கெடுதாம். பைக்குக் காசு வாங்கினா குப்பை குறையும்னு நம்பறவங்க வந்து விளக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
விளம்பரத்தைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குறையுமா என்பதைப் பார்ப்போம். அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. அதற்கு முன் அங்கே ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 328 பைகள் செலவாயின. வரி வந்ததும் 21 ஆனது. ஜனங்களுக்குப் பழகிப்போய் அது மெல்ல 30ஐத் தாண்டியதும், 2007இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள்.

இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகளுக்கு மட்டும் 5 பென்ஸ் கட்டணம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏழு பெரிய பல்பொருள் அங்காடிகள் சேர்ந்து 760 கோடி பைகள் கொடுத்திருந்தன. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. 2021இல் கட்டணத்தை 10 பென்ஸாக்கி எல்லாக் கடைகளுக்கும் விரித்தார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எதிர்க்காற்று:
நான் குப்பையைக் கேட்டேன், நீங்க பையைச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணில்ல.

இங்கிலாந்துக் கதையோட மீதியையும் சொல்லிடுங்களேன். மெல்லிசு பை போனதும் அந்த இடத்துக்கு 'ஆயுள் பை'ன்னு தடியா ஒண்ணு வந்துச்சு. அதுவும் பிளாஸ்டிக்தான். 2019ல கிரீன்பீஸும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை போட்டாங்க: பிரிட்டன்ல ஒரு வருஷத்துல வித்த ஆயுள் பை மட்டும் 150 கோடி, வீட்டுக்கு 54. ஆயுளுக்கு ஒரு பைன்னு பேரு வெச்சுட்டு ஒரு வீட்டுக்கு 54 வித்தா, அந்த வீட்ல யார் எத்தனை தடவை செத்துப் பொழைக்கிறாங்க?

சும்மா_வந்தவன்:
ஏழேழு பிறவின்னாலும் 49தான் வருது. மீதி அஞ்சு?

கல்லாப்பெட்டி:
நான் அந்த 'தனியா காசு'ன்னு சொல்ற ஆளு. ஆறு வருஷமா பில்லிங்ல நிக்கிறேன். பை சும்மா குடுத்த காலமும் தெரியும், காசு வாங்கற காலமும் தெரியும். பார்த்ததைச் சொல்றேன்.

சும்மா குடுத்தப்போ நாங்க யாரையும் கேட்டதே கிடையாது. சாமான் வரும்போதே ஒரு கை பையை உதறித் திறந்திருக்கும். கனமா இருந்தா பைக்குள்ள பை. ஒரே ஒரு சோப்பு வாங்கினாலும் பை, அந்த சோப்பு சட்டைப் பாக்கெட்லயே போயிருக்கும். சாயங்காலத்துக்குள்ள ஒரு கட்டு காலியாகி ரெண்டாவது கட்டு பிரிப்போம்.

காசு வந்த முதல் வாரம் ஒருத்தர் வந்தார். கையில விலை உயர்ந்த போன், பில்லும் பெரிய பில். பை வேணுமான்னு கேட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார், பின்னாடி வரிசையைப் பார்த்தார், வேணாம்னுட்டார். எல்லாத்தையும் நெஞ்சோட அணைச்சு, மேல இருக்கிற டப்பாவைத் தாடையால அமுக்கிக்கிட்டு, கண்ணாடிக் கதவை முதுகால தள்ளித் திறந்து போனார். பாதிப் படியில ஒண்ணு கீழ விழுந்துச்சு. குனிஞ்சா மீதியும் விழும்னு கால்ல தள்ளிக்கிட்டே போனார். அடுத்த வாரம் வரும்போது பேன்ட் பின்பாக்கெட்ல ஒரு பை மடிச்சு வெச்சிருந்தார்.

அவருக்கு அந்தச் சில்லறை ஒரு பொருட்டா? கிடையாது. 'வேணும்'ங்கிற வார்த்தையை நாலு பேர் காதுல விழ வாய்விட்டுச் சொல்லணும் பாருங்க, அதுலதான் இருக்கு விஷயம். முன்னாடி அந்தப் பேச்சே இல்லாம பை கைக்குப் போயிடும்.

ஆனா அண்ணன் எதிர்க்காற்று சொல்ற ஒண்ணு உண்மை. திட்டு வாங்கறது நாங்க, காசு போறது முதலாளிக்கு.

கணக்குப்பிள்ளை:
தம்பி சொன்னதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2010இலும், அதை ஒட்டிய ஒரு மாவட்டத்தில் 2012இலும் பைக்கு 5 சென்ட் வரி வந்தது. அதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கடைகள் சில, சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் திருப்பிக் கொடுத்து வந்தன. அந்தப் பரிசால் யாரும் அசைந்ததாகவே தெரியவில்லை. வரி வந்ததும் கடைப் பை எடுப்பவர்கள் 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்துவிட்டார்கள். இரண்டும் அதே 5 சென்ட்தான். கைக்கு வருகிற காசு யார் கண்ணிலும் படுவதில்லை, கையை விட்டுப் போகிற காசு உறுத்துகிறது.

நூல்கண்டு:
ஆண்களே பேசிட்டு இருக்கீங்க, எங்க வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னாடி வந்து பாருங்க. ஆணியில ஒரு துணிப்பை, அதுக்குள்ள துணிப்பை, அதுக்குள்ள இன்னொண்ணு. இதைப் படிச்சதும் எடுத்துக் கொட்டி எண்ணினேன். 23. கருத்தரங்குல குடுத்தது, புத்தகம் வாங்கினப்போ குடுத்தது, பை மறந்துபோய் வாங்கினது. பாதிக்கு மேல ஒரு தடவை கூட கடைக்குப் போனதில்லை.

டென்மார்க் அரசு 2018ல ஒரு கணக்கு போட்டுச்சு. ஒரு பருத்திப் பையை 7,100 தடவை எடுத்துட்டுப் போனாத்தான் அது ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். ரசாயனம் போடாத பருத்தின்னா 20,000. தினம் கடைக்குப் போனாலும் என் பேத்தி காலம் வரைக்கும் ஆகும்.

இன்னொண்ணு. சும்மா வந்த பையைத்தான் குப்பைக்கூடைக்குள்ள விரிச்சு வெச்சிருந்தோம். அது நின்னதும் குப்பைக்குன்னே தனியா பை வாங்கறோம். கலிஃபோர்னியாவுல மெல்லிசு பையைத் தடை செஞ்ச ஊர்கள்ல, தடையால குறைஞ்ச பிளாஸ்டிக்ல கால் பங்குக்கு மேல குப்பைப் பை விற்பனையா திரும்பி வந்துடுச்சுன்னு ஒரு ஆய்வு சொல்லுது.

கணக்குப்பிள்ளை:
அம்மா, அந்த 7,100ஐ எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். அது எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து வகைப் பாதிப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவற்றில் மிக மோசமான ஒன்றை வைத்துச் சொன்ன எண் அது. ஓசோன் படலத்துக்கு ஆகும் கேடு. வெப்பமாதலை மட்டும் எடுத்தால் அதே அறிக்கையில் பருத்திப் பைக்கு 52 தடவைதான். இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் பை ஒழுங்காகக் குப்பைக்கூடை உறையாகிக் கடைசியில் உலையில் எரியும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. காற்றில் பறந்து ஓடையில் விழும் பை அதில் இல்லவே இல்லை. குப்பையைப் பற்றிய வாதத்தில் குப்பையைக் கழித்துவிட்ட எண்ணை எப்படி வைப்பது?

நூல்கண்டு:
சரிங்க, 52ன்னே வெச்சுக்குவோம். என்கிட்ட 23 பை. 23 பெருக்கல் 52, 1,196. வாரம் ஒரு தடவை கடைக்குப் போனா 23 வருஷம். புதுசா ஒண்ணு கூட சேராம இருந்தா.

உங்க எண்ணைத்தான் எடுத்திருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
:) தோற்றேன். ஆனால் அந்த 23ஐக் கடைக்காரர் மட்டும் கொடுக்கவில்லையே.

[ஒரு பதிவு நீக்கப்பட்டது: தனிநபர் தாக்குதல். பையைப் பற்றிப் பேசுங்கள். — நெறியாளர்]

தராசு:
குப்பை பிரிக்கும் ஆலையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மெல்லிய கடைப் பை எட்டு கிராம்தான் இருக்கும். டன் கணக்கில் பேசுகிறவர்களுக்கு அது தூசு. எங்களுக்கு அதுதான் எமன்.

ஆலையில் காகிதத்தையும் புட்டியையும் பிரிக்க, வரிசையாகத் தண்டுகளில் சுழலும் தட்டுகள் இருக்கும். கனமானவை இடைவெளியில் விழும், தட்டையானவை மேலே ஓடும். பை வந்தால் இரண்டும் செய்யாது. தண்டில் சுற்றிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, பெண்கள் ஜடையில் ரிப்பன் இறுக்கின மாதிரி, ஒரு மணி நேரத்தில் இடைவெளியே இருக்காது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆள் உள்ளே இறங்கி, தட்டுக்கு நடுவில் கால் வைத்து நின்று கத்தியால் அறுக்க வேண்டும். அறுத்ததைக் கையில் எடுத்தால் நார்க்கயிறு மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது இறங்குவோம். மழை நாளில் ஈரத்தோடு வந்தால் இன்னும் கேவலம்.

தடியான பை இப்படிச் சுற்றாது. பெரும்பாலும் பெல்ட்டிலேயே கையால் எடுத்துவிடலாம். ஆகவே 54 ஆயுள் பை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எங்களுக்கு அது எவ்வளவோ தேவலை.

எதிர்க்காற்று:
தராசு சார், நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல. உங்க கத்திக்கு ஒரு கும்பிடு. ஆனா நீங்க சொல்றது மெல்லிசு பையைத் தடை செய்னு. காசு வாங்குன்னு இல்லையே? வங்கதேசம் அதைத்தான் செஞ்சுது. வெள்ளத்தப்போ சாக்கடையெல்லாம் பையால அடைச்சுக்கிச்சுன்னு 2002லயே மெல்லிசு பைக்குத் தடை போட்டுச்சு, உலகத்துலயே முதல் நாடு. கென்யா 2017ல ஜெயில் வரைக்கும் போச்சு.

கணக்குப்பிள்ளை:
தடை போட்டு ஓட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவே சாட்சி. 2016இல் மாநிலம் முழுக்க மெல்லிய பைக்குத் தடை. தடியான பையை 10 சென்ட்டுக்கு விற்கலாம் என்றார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பைகளின் எடை கூடியிருந்தது. 2024இல் இன்னொரு சட்டம் போட்டு, 2026 ஜனவரியிலிருந்து தடியான பையும் கூடாது என்றார்கள்.

2025இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு முழுக்கச் சாதகம் இல்லாவிட்டாலும். அமெரிக்கக் கடற்கரை, ஆற்றங்கரைகளில் தன்னார்வலர்கள் செய்த 45,000க்கும் மேற்பட்ட துப்புரவுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கட்டணமோ தடையோ உள்ள இடங்களில், பொறுக்கிய குப்பையில் பைகளின் பங்கு மற்ற இடங்களைவிட 25 முதல் 47 சதவீதம் குறைவு. மெல்லிசுக்கு மட்டும் தடை என்ற பாதித் தடைக்குத்தான் பலன் மிகக் குறைவு, கட்டணம் அதைவிட நன்றாக வேலை செய்ததாகத் தெரிகிறது. எதிர்க்காற்று கேட்ட 'குப்பை குறைந்ததா' என்பதற்கு இதுதான் நேரடி விடை. ஆனால் கரையில் பைகளின் பங்கு எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டுதான் போகிறது. கட்டணமோ தடையோ உள்ள இடங்களில் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவே.

எதிர்க்காற்று:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். ஒத்துக்கறேன், குறையுது.

அப்போ என் சண்டை காசு எங்க போகுதுங்கறதுல. அயர்லாந்துல அது வரி. கடைக்காரன் வாங்கி அரசுக்குக் கட்டணும், சுற்றுச்சூழல் நிதிக்குப் போகும். இங்கிலாந்துல அது வரியே இல்ல, கடையே வெச்சுக்கலாம். நல்ல காரியத்துக்குக் குடுங்கன்னு எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். பை விக்கறதுல லாபம் இருந்தா எந்தக் கடைக்காரன் 'பை கொண்டு வாங்க'ன்னு மனசார சொல்வான்?

நூல்கண்டு:
யார் குடுக்கறாங்கங்கறதையும் பாருங்க. கார்ல வர்றவங்க டிக்கியில நாலு பை கிடக்கும். வேலை முடிஞ்சு பஸ்ஸுல வர்றவதான் வழியில ஞாபகம் வந்து கடைக்குள்ள நுழைவா. அந்தக் காசு பெரும்பாலும் அவ பர்ஸுலருந்துதான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டுமே சரியான குறைகள்தான். விலையைக் குறைத்துப் பயனில்லை என்று மட்டும் சொல்வேன். தென்னாப்பிரிக்கா 2003இல் கட்டணம் கொண்டுவந்தது, பை பயன்பாடு மளமளவென்று இறங்கியது. பை தயாரிப்பவர்கள் நெருக்கியதில் விலையைக் குறைத்தார்கள், பயன்பாடு திரும்ப ஏறிவிட்டது.

கல்லாப்பெட்டி:
அக்கா சொன்னதுக்கு எங்க கடையில ஒண்ணு பண்றோம். சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைக் கவுண்டருக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சிருப்போம். கேக்கறவங்க சும்மா எடுத்துக்கலாம். எப்படியும் நசுக்கித் தூக்கிப் போடறதுதானே. பஸ்ஸுல வர்றவங்களுக்கு அதுவும் கஷ்டம்தான், பிடிக்க வாகா இருக்காது.

பேரு அச்சடிக்காத பை போடலாமேன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன் அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு. "அதுக்கு யாரு காசு குடுப்பா"ன்னார்.

எதிர்க்காற்று:
நான்தான் குடுத்தேனே!

சரி விடுங்க தம்பி. இன்னைக்குக் காலையில அதே பையைத்தான் கொண்டு போனேன். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு. கடை பேரு சாமானுக்குத்தான் தெரியும்.

சும்மா_வந்தவன்:
எத்தனாவது பிறவி?

எதிர்க்காற்று:
ரெண்டு. 54ல.