வீகன் சமையல் புத்தகம் ஒன்றை முழுவதுமாகச் சமைக்க: எந்த வரிசையில் போவது?

கேள்வி – மணத்தக்காளி

வணக்கம். அமெரிக்காவில் அச்சான வீகன் (பால், முட்டை, இறைச்சி என்று விலங்குப் பொருள் எதுவும் சேராத) சமையல் புத்தகம் ஒன்றை, ஒரு குறிப்பையும் விடாமல் வீட்டிலேயே சமைத்துப் பார்ப்பதென்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். புளிக்குழம்பு, சொதி, பொரியல் என்று நம் சமையலில் பெரும்பகுதி, நெய்யையும் தயிரையும் ஒதுக்கிவிட்டால் வீகன்தான் என்பதால், அன்றாடச் சாப்பாட்டில் எங்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால்தான் நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சுவைக்குத் தூவும் ஈஸ்ட் செதில்), செய்ட்டான் (கோதுமைப் புரதத்தில் செய்யும் இறைச்சி மாற்று), கொண்டைக்கடலை வேகவைத்த நீரில் மெரிங்க் (நுரைக்க அடித்துச் சுடும் இனிப்பு) என்று மிரட்டுகிறது. பக்க வரிசைப்படியே போக வேண்டுமா? கிடைக்காத பொருளுக்கு வேறொன்றைச் சேர்த்தால் அந்தக் குறிப்பைச் சமைத்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில் – அடுக்களைவாசி

பக்க வரிசை வேண்டாம். அப்படிப் போனால் ஒரே வாரம் முழுவதும் சூப்பாகவும், அடுத்த மாதம் முழுவதும் கேக்காகவும் அமைந்து, வீட்டில் இருப்பவர்கள் சலித்துப்போவார்கள். மூலப்பொருளை வைத்துத் திட்டமிடுங்கள். வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊறவைக்கும் நாளில், கடலையை ஹம்முஸ் என்னும் துவையலுக்கும், வெந்த நீரை மெரிங்குக்கும் ஒதுக்கிவிடலாம். உப்புப் போடாமல் வேகவைத்து, வடித்த நீரை மேலும் கொதிக்கவிட்டு வற்றவைத்தால், ஆறியதும் முட்டை வெள்ளைக்கருவைப் போல வழவழப்பாக இருக்கும். ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். இந்த நீர் நுரைத்து நிற்கும் என்பதை 2014-இல் பிரான்சின் ஜோயல் ரோசெல் தம் வலைப்பதிவில் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. அதற்கு முந்தைய புத்தகமென்றால் முட்டைக்குப் பதில் ஆளிவிதைப் பொடியைத்தான் சொல்லியிருப்பார்கள். அது கேக்கைப் பிணைத்து வைக்கும், ஆனால் நுரைக்காது.

பதில் – நெல்லைச்சீமை

செய்ட்டானைப் பார்த்து மிரள வேண்டாம். மைதா அல்வா கிண்டியவர்கள் எல்லாரும் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டவர்கள்தாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் மூழ்கவிட்டு, பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே கசக்கினால் மாவுப்பால் பிரிந்து இறங்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, அது ஏறத்தாழத் தெளிவாகும்வரை கசக்கியபின், இழுத்தால் ரப்பர் போல் நீண்டு சுருங்கும் மங்கிய நிற உருண்டை ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம், செய்ட்டானின் மூலப்பொருள். சோயா சாஸ், பூண்டு, மிளகு சேர்த்த சாற்றில் அதை முக்கால் மணி நேரம் சிறுதீயில் வேகவையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் பஞ்சுபோல் உப்பிவிடும். கோதுமை மாவிலும் செய்யலாம், தவிடு குறுக்கே நிற்பதால் கை வலிக்கும். முதல் இரண்டு தடவை கசக்கிய பாலை மட்டும் கொட்டிவிடாதீர்கள். இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டினால் அது தூத்துக்குடி மாவட்டத்து முதலூரின் மஸ்கோத் அல்வா; நெய்யே இல்லாத பண்டம் என்பதால் உங்கள் கணக்குக்கும் பொருந்தும்.

பதில் – கூழாங்கல்

மாற்றுப் பொருள் பற்றி என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. கேல் கீரைக்கு முருங்கைக்கீரை போட்டால் அது வேறு பண்டம். சுவையாக இருக்கலாம், ஆனால் புத்தகத்தின் குறிப்பைச் சமைத்ததாகாது. முதல் முறை எழுதியபடியே செய்துவிட்டு, அடுத்த முறை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். நியூட்ரிஷனல் ஈஸ்டுக்குப் பதிலாக ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைத் தூவிவிட வேண்டாம். முன்னது செயலிழக்கச் செய்யப்பட்ட ஈஸ்ட், பின்னது உயிருள்ளது. நியூட்ரிஷனல் ஈஸ்டை வாங்கும்போது வைட்டமின் பி12 சேர்க்கப்பட்டதா என்று உறையில் பாருங்கள். தனியே சேர்த்தால் ஒழிய அதில் பி12 இருக்காது. பாலையும் நிறுத்தியவர்களுக்கு இது சின்ன விஷயமன்று. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லி. வீட்டு டம்ளரால் அளக்காதீர்கள். அடுப்புச் சூடு 350 என்றிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் 175 டிகிரி செல்சியஸ் வைத்தால் போதும்.

மணத்தக்காளி

அனைவருக்கும் நன்றி. எழுதியபடி ஒரு முறை சமைத்த பிறகே குறிப்பின் அருகில் குறியிடுவதென்று வைத்துக்கொள்கிறோம். நெல்லைச்சீமை அவர்களே, மஸ்கோத்துக்கு அரைக் கிலோ மைதாவின் பாலுக்கு எத்தனை தேங்காய் தேவைப்படும்?