3 ஏக்கர் சம்பா, 2 மாடு: வெளியூர் வேலைக்குப் போகாமல் குடும்பத்தை ஓட்ட என்ன மாற்றணும்?

கடைமடை72:
மன்னார்குடிக்குக் கிழக்கே கடைமடை, ஆற்றுத் தண்ணி கடைசியாக வந்து சேர்கிற இடம். சொந்த நிலம் 3 ஏக்கர், களிமண். அதில் ஒரு ஏக்கர் தண்ணி தேங்குகிற பள்ளக்கால். ஆற்றுத் தண்ணி மட்டும்தான், போர் போட்டால் உப்பு. சம்பா ஒரு போகம், நாற்று விட்டு நடவு. அம்மாவோடு சேர்த்து வீட்டில் 5 பேர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் 2. கலப்பின மாடு 2 நிற்கிறது, பால் சொசைட்டிக்குப் போகிறது. நெல்லுப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை. தீபாவளி, பொங்கல் இரண்டுமே அறுப்புக்கு முன்னாலேயே வந்துவிடும், ஜூனில் பள்ளிக் கட்டணம். கோடையில் திருப்பூருக்குக் கிளம்பாமல் பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கணும். விலை கூட வருதே, பிபிடி சன்ன நெல் போடலாமா? மூணாவது மாடு வாங்கலாமா?

பாமணியாறு:
தம்பி, உங்கள் கணக்கு முழுக்க விதைக்கிற தேதியில்தான் இருக்கு. நடவு தள்ளிப்போனால் அறுப்பு பிப்ரவரி நடுவுக்குப் போகும், நெல்லுக்கு அடுத்து வயல் ஈரத்திலேயே போடுகிற உளுந்துக்கு ஈரம் இருக்காது. கோடையில் ஊரைவிட்டுப் போக வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆற்றுத் தண்ணிக்குக் காத்திருக்காமல், காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கிற புழுதி விதைப்புக்கு மாறுங்கள். கோடை மழையில் இரண்டு மூன்று சால் ஓட்டிக் கட்டி உடைத்து வைத்துவிட்டு, ஆகஸ்ட் கடைசி வாரம் விதைக்கலாம். ஆகஸ்ட் 25-ல் விதைத்தால் 155 நாள் ரகம் ஜனவரி 27 வாக்கில் அறுப்புக்கு வரும். ஏக்கருக்கு 30 கிலோ விதை. டிராக்டர் விதைக் கருவியில் வரிசையாகப் போட்டால் நல்லது, களை எடுக்க ஆள் நுழைய வழி இருக்கும். ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர். அதுக்குக் கீழே போனால் களியில் முளை மேலே வராது.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, லேசான மழையில் முளைத்துவிட்டு, அப்புறம் பத்து நாள் வெயில் அடித்தால் முளை காயும். அதற்கு விதையைக் கடினப்படுத்தணும்: 30 லிட்டர் தண்ணியில் 300 கிராம் பொட்டாஷ் கரைத்து, 30 கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவிடணும். வெயிலில் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது களை. மழை பெய்து மண் நனைந்த 5 நாளுக்குள் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணியில். நாள் தவறினால் களைக்கொத்தோடு வயலில் கிடக்கப்போவது வீட்டுப் பெண்கள்தான். நடவுக்கூலி மிச்சம் என்று பேசுகிற ஆட்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

பிபிடி வேண்டாம். 2025-26 கொள்முதலில் ஊக்கத்தொகையோடு சன்ன ரகம் குவிண்டால் 2,545, பொது ரகம் 2,500. வித்தியாசம் 45 ரூபாய். அதற்காகக் குலைநோய்க்கு மருந்தடித்து, பள்ளக்காலில் மூழ்கவும் கொடுக்கிறது கணக்குக்கு ஒத்துவராது. சி.ஆர். 1009 சப்-1 போடுங்கள். பழைய சாவித்திரி நெல் ரகமேதான், மூழ்கினாலும் 2 வாரம் வரை தாங்கும். ஆனால் வளர்ந்த பயிர்தான் தாங்கும். முளைக்கிற விதை தண்ணியில் நின்றால் இதுவும் அழுகும். அதனால் பள்ளக்காலுக்கு முதலிலேயே வடிகால் வெட்டி வையுங்கள். சொட்டை விழுந்த இடத்தை 25-30 நாளில் அடர்த்தியான இடத்திலிருந்து பிடுங்கி நட்டுச் சரிசெய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கினால் தண்ணி நிற்கும்போதே யூரியா வீசாதீர்கள். வடிந்து புதுக்குருத்து தெரிந்ததும் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18, வேப்பம் பிண்ணாக்கு 4 கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்துப் போடுங்கள்.

வைக்கோல்போர்:
மூணாவது மாடு இப்போது வேண்டாம். முதலில் இருக்கிற இரண்டும் எப்போது கன்று போடுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் போட்டால் ஒரே சமயத்தில் வற்றும், அந்த 2 மாதம் வீட்டில் காசு கிடையாது. 6 மாத இடைவெளி இருந்தால் வருஷம் பூரா ஏதாவது ஒன்று கறவையில் நிற்கும். கன்று போட்ட 60-90 நாளில் சினை ஊசி, சினைக்காலம் 280 நாள், கடைசி 60 நாள் பால் வற்றவிடணும். காலையில் சினைப்பருவத் தவிப்பு தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. விட்டால் அடுத்த 21 நாள் தண்டத் தீனி. நிறைய வீட்டில் நட்டம் வருவது இங்கேதான், பால் விலையைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

தீனி: 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்குப் பசுந்தீவனம் 25 கிலோ, வைக்கோல் 5 கிலோ, அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோவும் லிட்டருக்கு 400 கிராமும், தாது உப்பு 50 கிராம். வெறும் வைக்கோலும் தவிடும் போட்டால் பால் குறையும், சினையும் நிற்காது. கொல்லை மேட்டில் 20 சென்ட் ஒதுக்கி கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர், சென்ட்டுக்கு 160 கரணை (தண்டுத் துண்டு). முதல் வெட்டு 75-80 நாள், பிறகு 45 நாளுக்கு ஒருதரம். வயலில் நடாதீர்கள், தண்ணி நின்றால் தூர் அழுகிவிடும். மாட்டைக் கழுவிவிட்ட தண்ணியையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், கோடையில் கொஞ்சம் உதவும்.

வைக்கோல் 2 மாட்டுக்கு வருஷத்துக்கு 3,650 கிலோ வேண்டும், ஏறக்குறைய 2 ஏக்கர் வைக்கோல். செயின் மெஷின் சேற்றில் ஓட்டி அறுத்தால் வைக்கோல் மிதிபட்டுப் பூஞ்சை பிடிக்கும். அறுப்புக்கு 10 நாள் முன்பே தண்ணியை வடித்துவிடுங்கள்.

கடைமடை72:
நன்றிண்ணே. உளுந்து அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே தெளிப்பது எங்க ஊர் வழக்கம். மெஷின் ஏறி நசுங்கிவிடுகிறது. அறுத்தபிறகு தெளித்தால் முளைப்பு இல்லை.

பயறுக்கொல்லை:
பத்து நாள் என்பது அரிவாள் அறுப்புக் காலத்துக் கணக்கு. மெஷின் என்றால் 4-5 நாள் முன்பு தெளியுங்கள். அப்போது விதை ஊறி முளை மட்டும் கட்டியிருக்கும், இலை விட்டிருக்காது, அவ்வளவாகச் சாகாது. மண் மெழுகுப் பதமாக இருக்கணும்: மிதித்தால் கால் தடம் பதியணும், தண்ணி ஊறி வரக்கூடாது. ஏக்கருக்கு 12 கிலோ, ஒரு பொட்டலம் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தித் தெளிக்கணும். பிப்ரவரி 15 தாண்டினால் விடுங்கள், விதைக்காசுதான் போகும்.

பூக்கும்போது ஒரு தரம், 15 நாள் கழித்து ஒரு தரம் டிஏபி 2 சதவீதம்: 4 கிலோவை முதல் நாள் சாயங்காலமே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, சாயங்காலம் அடியுங்கள். கசடு போனால் நாசில் அடைக்கும். மஞ்சள் தேமல் வந்த செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிடணும், வெள்ளை ஈ அதிலிருந்துதான் பரப்பும்.

இன்னொன்று: அறுப்பு முடிந்ததும் ஊரில் மாடு அவிழ்த்து விடுவார்கள். நீங்கள் மட்டும் உளுந்து போட்டால் காவலுக்கே ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வயல்காரர்களோடு முன்கூட்டியே பேசி எல்லாரும் சேர்ந்து ஒரே பரப்பாகத் தெளியுங்கள்.

ஏப்ரலில் எடுப்பதை அப்போதே முழுக்க விற்காதீர்கள், எல்லாரும் விற்கிற நேரம். நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் பள்ளிக் கட்டணத்துக்கு ஜூனில் விற்கலாம். வண்டு பார்த்துக்கொள்ளணும்.

அடங்கல்:
காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் நடப்புப் பசலி அடங்கல் வாங்குங்கள் (அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற கிராமக் கணக்கு; பசலி என்பது வருவாய்த்துறை ஆண்டு, ஜூலை 1-ல் மாறும்). கூட்டுறவுப் பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் நிலையம் மூன்றுக்கும் அதுதான். சம்பா காப்பீட்டுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அன்றைக்குப் போனால் சர்வர் இழுக்கும், அக்டோபரிலேயே கட்டுங்கள். ரசீதில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இழப்பீடு நிற்பது பெரும்பாலும் இந்த எழுத்துப் பிழையில்தான். கூட்டுறவுக் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் அந்தச் சலுகை போயிடும், அதனால் நெல்லுப் பணம் வந்ததும் முதல் வேலை அது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம். பனியோடு காலை 7 மணிக்கு மெஷினை இறக்கினால் திருப்பி அனுப்புவார்கள். 11 மணிக்கு மேல் அறுங்கள்.

வீட்டுக்கு நெல் எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். ரேஷன் அரிசி 20 கிலோ போக 5 பேருக்கு மாதம் இன்னும் 30 கிலோ அரிசி ஆகும். 60 கிலோ மூட்டையில் 10 வைத்தால் வருஷம் ஓடும். பல்லில் கடித்தால் கடக்கென்று முறிகிற அளவுக்குக் காய்ந்திருக்கணும், நொச்சித்தழை போட்டு வையுங்கள்.

பால் கணக்கை வீட்டுக்காரம்மா பேரில் மாற்றிவிடுங்கள். சாணி அள்ளுவதும் கறப்பதும் அவர்கள் என்றால் காசும் அங்கே போவதுதான் முறை. உரக்கடை பாக்கிக்குப் போகாமல் அது மளிகைக்கும் பிள்ளைகளுக்கும் நிற்கும். தீபாவளியை அந்தக் கணக்கில் மட்டும் செய்யுங்கள், பயிர்க்கடனில் கை வைக்காதீர்கள்.

வைக்கோல்போர்:
அடங்கல் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. கணக்கை மாற்றும்போது மாட்டுக்கும் காப்பீடு எடுத்துவிடுங்கள். அடையாள எண் போட்ட காதுத் தோடு விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ளணும், தோடு இல்லாத மாட்டுக்குப் பணம் வராது.